கையெழுத்துப் போடம்மா!

தோழ!

சென்ற திங்கள் காட்டுப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டி வடக்கே போனால், கிழக்கில் வங்கக் கடல், மேற்கில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும், நடுவே நீண்டு கிடக்கும் மணல், அதுதான் காட்டுப்பள்ளி. கருவாடு காய்ந்த மணல்! இன்று அங்கே துறைமுகம் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. சரக்குப் பெட்டிகளைச் சுமந்த வண்டிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஊர்கின்றன. மணலாகக் கிடந்த நாளில் எவரும் ஏறெடுத்துப் பார்க்காத நிலம், இன்று செண்டுக் கணக்கில் விலை பேசப்படுகிறது.

நான் போனது நிலம் பேச அல்ல, பெண்ணுரிமை பேச! பேசினேன். கைதட்டினார்கள். துண்டு போர்த்தினார்கள். கூட்டம் கலைந்து, ஒலிபெருக்கியை அவிழ்த்துக் கொண்டிருந்த நேரம். மீன்கூடை சுமந்து சுமந்து முதுகு வளைந்த மூதாட்டி ஒருவர் என்னருகே வந்தார்.

“தம்பி! நாளைக்குப் பதிவு ஆபீசுக்கு வரச் சொல்றான் என் அண்ணன் மகன். ஏதோ விடுதலைப் பத்திரமாம், கையெழுத்துப் போடணுமாம். நான் எந்த ஜெயில்ல இருந்தேன், எனக்கு விடுதலை தர?”

சிரித்தேன், தோழ! சிரித்த மறுகணமே வெட்கினேன். ஒரு மணி நேரம் நான் முழங்கியதைவிட, அந்த அம்மையார் ஒரு வரியில் கேட்டது கூர்மையாக இருந்தது.

விடுதலைப் பத்திரம்! பெயரைப் பார், பெயரை! கூட்டுச் சொத்தில் பங்குடைய ஒருவர், தம் பங்கை மற்றப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஆவணத்துக்கு, பதிவு அலுவலகம் சூட்டியிருக்கும் பெயர் அது. சிறையிலிருப்பவன் விடுதலை பெற்றால் வீடு திரும்புவான். இந்த விடுதலையைப் பெறுபவளோ வீட்டை இழந்து திரும்புகிறாள்! ஆணும் எழுதித் தரலாம் அதை, சட்டம் தடுக்கவில்லை. ஆனால் உன் நெஞ்சைத் தொட்டுச் சொல்: அண்ணன் தங்கைக்கு எழுதித் தந்த விடுதலைப் பத்திரம் எத்தனை கண்டிருக்கிறாய்? தங்கை அண்ணனுக்கு எழுதித் தந்தது எத்தனை கண்டிருக்கிறாய்?

“பெண் பங்கு கேட்டால் குடும்பம் சிதறும்” என்கிறது ஒரு குரல்.

“இது மேல்நாட்டார் மோகம், நம் வழக்கத்தில் இல்லாதது” என்கிறது இரண்டாவது குரல்.

“சீர் கொடுத்தோம், நகை போட்டோம், இன்னுமா பங்கு?” என்கிறது மூன்றாவது குரல்.

இந்த மூன்று குரல்களுக்கும் விடை சொல்லத்தான், தோழ, இந்த வாரம் உன்னை அழைக்கிறேன். மேல்நாட்டார் மோகம் என்கிறார்களே, முதலில் அந்த மேல்நாட்டான் வீட்டையே எட்டிப் பார்ப்போம், வா!

*

ரோமாபுரியை வியந்து பேசுவார்கள், சட்டம் பிறந்த பூமி என்று. அங்கே கி.மு. 169-இல் வோக்கோனியச் சட்டம் என்றொன்று வந்தது. பெருஞ்செல்வர் எவரும் பெண்ணைத் தம் வாரிசாக எழுதி வைக்கக்கூடாது என்பது அதன் கட்டளை. பெற்ற மகளாயினும் சரி, ஒரே மகளாயினும் சரி!

இங்கிலாந்தைப் பார். 1765-இல் பிளாக்ஸ்டன் என்னும் சட்டப் பேரறிஞர் தம் விளக்க நூலை வெளியிடத் தொடங்கினார். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்பது அதில் சொல்லப்பட்ட நெறி. ஆகா, எத்துணை அன்பு, எத்துணை ஐக்கியம் என்று எண்ணி விடாதே! அந்த ஒரே ஆள் யார் என்பதில்தான் சூது. மணமேடை ஏறிய அன்றே அவளுடைய பணம், நகை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அவனுடையவை. அவளுடைய நிலத்தின் வாடகையும் வருமானமும் அவனுடையவை. அவள் கூலி வேலை செய்து கொண்டுவரும் காசும் அவனுடையது. அவன் இசைவின்றி அவள் ஒப்பந்தம் செய்ய முடியாது. உயில் எழுத முடியாது. பணக்கார வீட்டுப் பெண்களுக்கு மட்டும் ஒரு சந்து இருந்தது: தந்தைமார் வழக்கறிஞர்களை வைத்து, தனிப் பொறுப்பாளரை அமர்த்தி, மகளின் சொத்தைக் காத்தனர். துணி வெளுத்துப் பிழைத்தவளுக்கு எந்த வழக்கறிஞர்? எந்தப் பொறுப்பாளர்?

கரோலின் நார்ட்டன் என்றொரு மாது. கவிதையும் கதையும் எழுதிப் புகழ் பெற்றவர். கணவன் வழக்கறிஞன், பாராளுமன்ற உறுப்பினன், கைநீட்டும் குணமுடையவன். 1836-இல் இருவரும் பிரிந்தனர். மூன்று ஆண் மக்களையும் அவன் பிரித்துக் கொண்டுபோனான். சட்டம் அவன் பக்கம். அவர் பேனாவால் சம்பாதித்த பணமும் சட்டப்படி அவனுக்கே சொந்தம்! எழுதியது இவர் கை. காசு எண்ணும் உரிமை அவன் கைக்கு! அந்தக் கொடுமையை எதிர்த்து அவர் துண்டறிக்கைகள் எழுதினார். 1839-இல், சிறு குழந்தைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்ற சட்டம் பிறக்க, அவர் போராட்டம் ஒரு முக்கிய காரணம்.

அதன் பிறகு, மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்ற மசோதாக்கள் வந்தபோது, பாராளுமன்றத்தில் எழுந்த கூச்சல் என்ன தெரியுமா? “குடும்ப அமைதி குலைந்துபோகும்! இல்லறம் இடிந்து விழும்!” காட்டுப்பள்ளியில் இன்று கேட்கும் அதே குரல்! 1870-இல் அவள் கூலி அவளுக்கே என்றது சட்டம். 1882-இல் அவள் சொத்து முழுவதும் அவளுக்கே என்றது. இடிந்ததா இல்லறம்? அடுப்பு அணைந்ததா? தொட்டில் ஆடாமல் நின்றதா? எதுவும் நடக்கவில்லை. நிலத்தை மூத்த மகனுக்கே சேர்த்து வந்த பழைய விதியையும் 1925-இல் சட்டமியற்றித் தூக்கியெறிந்தார்கள். அதற்கும் வானம் இடிந்து விழவில்லை.

பிரான்சின் கதை இன்னும் வேடிக்கை. புரட்சி வெடித்தது, சமத்துவம் என்றார்கள், 1791-இல் வாரிசுரிமையில் பிள்ளைகள் எல்லோரும் சமம், மகளும் மகனும் சமம் என்றார்கள். வாழ்த்தினோம்! ஆனால் 1804-இல் நெப்போலியன் தந்த சட்டத் தொகுப்பு என்ன சொன்னது? மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள்; அவன் சம்மதமின்றிச் சொத்தை விற்கவோ வாங்கவோ கூடாது என்றது. மகளாக இருக்கும்போது ஒரு கையால் கொடுத்ததை, மனைவியானதும் மறுகையால் பூட்டி வைத்தார்கள்! அந்தக் கீழ்ப்படிதல் விதி ஒழிய 1938 ஆயிற்று. கணவன் அனுமதி கேட்காமல் பிரெஞ்சுப் பெண் வங்கிக் கணக்குத் தொடங்க 1965 ஆயிற்று! மேற்கு செருமனியில், இல்லறக் கடமைக்கு இடையூறின்றி மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை உயிரோடு இருந்தது. சுவிட்சர்லாந்தில் கணவனே குடும்பத் தலைவன் என்ற விதி 1988-இல்தான் மறைந்தது.

பெண்ணுக்குச் சொத்துரிமை மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்லும் நண்பர்களே! மேல்நாட்டுப் பழஞ்சரக்கு எது என்று இப்போது தெரிகிறதா? பெண்ணை மடக்கி வைப்பதுதான் அங்கும் நெடுங்காலச் சரக்கு. அதை உடைத்ததுதான் புதுச்சரக்கு. அதையும் எவரும் தட்டில் வைத்துத் தரவில்லை, போராடிப் பெற்றார்கள்.

*

இனி இரண்டாவது குரல்: “நம் வழக்கம்!”

வழக்கம் என்கிறார்களே, அதை எழுதியவன் யார்? எப்போது எழுதினான்? காட்டுப்பள்ளியிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பி, 1690 வரை சோழமண்டலக் கரை வாணிகத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்தனர். அவர்கள் கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. அவர்கள் கப்பலில் மிளகும் துணியும் மட்டும் ஏறி இறங்கவில்லை, சட்டமும் வந்தது. கணவன் மனைவி இருவர் சொத்தும் ஒன்றே, ஆனால் ஆளும் அதிகாரம் கணவனுக்கே என்ற ரோமன்-டச்சுச் சட்டம்!

அதே டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது, அங்கே வாழ்ந்த நம்மவர் வழக்கங்களை எழுதித் தொகுக்க ஆளுநர் சிமோன்ஸ் கட்டளையிட்டார். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707-இல் எழுதி முடித்தார். தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி, சரிதான் என்று ஒப்புதல் வாங்கினர். அதுதான் தேசவழமை. எண்ணிப் பார், தோழ! எழுதியவர் ஓர் ஆண். சரிபார்த்தவர் பன்னிருவரும் ஆண்கள். சீதனம் பெற்றுப் போன மகளுக்குப் பெற்றோர் சொத்தில் மேற்கொண்டு பங்கில்லை என்றது அந்த ஏடு. கேட்கப்படாதவள் யாரோ, அவளைப் பற்றித்தான் எழுதப்பட்டது! ஆங்கிலேயர் வந்து 1806-இல் அதற்குச் சட்ட முத்திரை குத்தினர். 1911-இல் இன்னொரு சட்டம் இயற்றி, மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்றனர். தம் நாட்டுப் பெண்ணுக்கு 1882-இல் கழற்றிய விலங்கை, 29 ஆண்டு கழித்து யாழ்ப்பாணத் தமிழச்சிக்கு மாட்டினர்!

இங்கே சென்னை இராசதானியில்? நம் மக்களில் பெரும்பாலோர் கேட்டறியாத மிதாட்சரம் என்னும் வடமொழி நூலின் வாரிசுப் பகுதியை கோல்புரூக் 1810-இல் ஆங்கிலத்தில் பெயர்க்க, அதையும் அதுபோன்ற நூல்களையும் வைத்துக்கொண்டு துரைமார் தீர்ப்பளித்தனர். பிறந்தவுடனே ஆணுக்குப் பங்கு. பெண்ணுக்குப் பங்கில்லை என்ற நெறி, உழவனுக்கும் செம்படவனுக்கும் ஒருசேரப் போர்த்தப்பட்டது. இது இந்த மக்களின் வழக்கமே அல்ல, வடமொழி நூலை இவர்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று 1877-இல் நூலெழுதி வாதாடியவர் யார் தெரியுமா? நம்மவர் அல்லர், ஜே. எச். நெல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி!

வெள்ளையன் வருமுன் நம் பெண்கள் சொத்தும் சுகமுமாய்க் கொடிகட்டி வாழ்ந்தார்கள் என்று பொய் பேச நான் வரவில்லை. பழவேற்காடு ஏரியில், எந்த நாள் எந்த இடத்தில் எவர் வலை விரிப்பது என்று சீட்டுப் போட்டு முறை வகுக்கும் ‘பாடு’ வழக்கம் உண்டு. சண்டையின்றி நீரைப் பகிரும் நல்ல முறை. ஆனால் அந்தப் பங்காளிப் பட்டியல் ஆண்களின் பட்டியல். பிடித்த மீனைத் தலையில் சுமந்து விற்றவள் பட்டியலில் இல்லை. ஆக, ‘நம் வழக்கம்’ என்பது பாதி நம் ஆண்கள் செய்தது. மீதி வெள்ளைக்கார ஆண்கள் எழுதியது. இதில் புனிதம் எங்கே இருக்கிறது, தொட்டால் தீட்டாகிவிட?

நமக்கும் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்கிறேன் கேள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிரெஞ்சு மனைவிக்குக் கீழ்ப்படிதல் சட்டக் கடமையாக இருந்த ஆண்டு அது! மேல்நாட்டைப் பார்த்துக் காப்பியடித்தோமா நாம்? மேல்நாட்டுக்கே சில படி முன்னே நின்றோம்!

*

தீர்மானம் சட்டமாக எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் கணக்கிடு. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதை முக்கிய காரணமாகக் காட்டி, அண்ணல் அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. வந்தும் பூர்வீகச் சொத்தில் கூட்டுப் பங்காளி ஆண்தான். தாயில்லாத வீட்டில் தந்தை, ஒரு மகன், ஒரு மகள். பூர்வீக நிலம் 12 செண்டு என்று வைத்துக்கொள். தந்தை மறைகிறார். மகன் பிறப்பால் உரிய பாதியை, 6 செண்டை, முதலில் எடுத்துக்கொள்வான். தந்தையின் 6 செண்டில் அவனுக்கு 3, அவளுக்கு 3. ஆக அவனுக்கு 9, அவளுக்கு 3! இதற்குப் பெயர் சமத்துவமாம்!

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் மாற்றியவர் கலைஞர். 1989-இல் அவர் ஆட்சி கொண்டுவந்த திருத்தம், மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கியது. 1989 மார்ச் 25 முதல் அது செல்லும். அதற்குமுன் மணமாகிப் போனவர்களுக்கு அது எட்டவில்லை என்பது குறை. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கிற்று. தந்தை 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பே போதும் என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகம் பிரிந்து பதிவான சொத்துகளுக்கு விலக்கு உண்டு. அந்த 12 செண்டு நிலத்தில் இன்று அவனுக்கு 6, அவளுக்கு 6.

செங்கற்பட்டிலிருந்து எண்ணினால் 1989-க்கு 60 ஆண்டு. 2020-க்கு 91 ஆண்டு. தோழ! 91 ஆண்டு கிளறிக் கிளறி எடுத்த கிழங்கு. அதை ஐந்து நிமிடத்தில், ஒரு மைதடவிய கட்டைவிரலால் பறித்துக்கொள்கிறார்களே, அதற்குப் பெயர்தான் விடுதலைப் பத்திரம்!

மூன்றாவது குரலுக்கு இங்கேயே விடை சொல்லி விடுகிறேன். சீர் கொடுத்தோம் என்கிறாய். யார் கையில் கொடுத்தாய்? மாப்பிள்ளை கையில்! நகையை யார் அடகு வைத்தான்? அவன்! அவள் பெயரில் பட்டா இருக்கிறதா அந்தச் சீருக்கு? வெண்கலக் குத்துவிளக்கும் கட்டிலும் பீரோவும் ஆண்டுக்கு ஆண்டு விலை குறையும். துறைமுகத்துக்கு அருகே உள்ள மனை ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறும். குறைவதை அவளுக்குத் தந்து, ஏறுவதை நீ வைத்துக்கொண்டு, கணக்கு நேர் என்கிறாயே, எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு இது? அண்ணன் கல்லூரிக்குக் கட்டிய பணத்தையும், அவன் கடை வைக்கத் தந்த முதலையும் எவரேனும் அவன் பங்கில் கழித்ததுண்டா?

*

இவ்வளவும் எதிரிக்குச் சொன்னேன் என்று எண்ணுகிறாயா? இல்லை. எதிரி இந்த ஏட்டைப் படிப்பதில்லை. படிப்பவன் நீ. எழுதுபவன் நான். ஆகவே என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவன் நான். அந்த இரண்டு ஆண்டுக் கட்டணத்துக்குத் தன் வளையலைக் கழற்றித் தந்தவள் என் அக்கா. படிப்பை விட்டேன், நாடகம் எழுதினேன், மேடை ஏறினேன். தந்தை மறைந்தார். அவர் வைத்துப் போனது திருவொற்றியூரில் ஒரு சிறு வீடு. அண்ணனும் நானும் அக்காவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். “கையெழுத்துப் போடக்கா” என்றேன். அவள் தாளைப் படிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், போட்டாள். வெளியே வந்து ஒரு சேலை வாங்கிக் கொடுத்தோம். அன்று மாலை இராயபுரத்தில் பெண்ணுரிமைக் கூட்டம். நான்தான் சிறப்புச் சொற்பொழிவாளன்! ஒரு மணி நேரம் பேசினேன். நா கூசவில்லை.

காட்டுப்பள்ளி அம்மையார் கேட்டாரே ஒரு கேள்வி, அதோடு அவர் நிறுத்தவில்லை. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், படிக்கச் சொல்லிக் கேளுங்கள், நம் வழக்கறிஞர் தோழரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்:

“போடாம விட்டா, நான் செத்த அன்னைக்குப் பொறந்த வீட்டுக் கோடி போட அவன் வருவானா தம்பி?”

விடை சொல்ல முடியாமல் நின்றேன்.

அங்கேதான் இருக்கிறது, தோழ, சூழ்ச்சியின் ஆணிவேர்! சட்டம் தெரியாமல் மட்டும் அவள் கையெழுத்துப் போடவில்லை. தெரிந்தே போடுகிறாள். கணவன் அடித்து விரட்டினால் ஓடிவர ஒரு திண்ணை வேண்டும்; பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும்; செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வேண்டும். இவற்றை வாங்கத்தான் தன் பங்கை விலையாகக் கொடுக்கிறாள். பங்கு கேட்டால் குடும்பம் சிதறும் என்கிறார்களே, சிதறாமல் இதுகாறும் கட்டிக் காத்தது எது? அவளிடம் பிடுங்கிய அந்தப் பங்கு! பாசத்துக்குப் பிணையாக மனையை எழுதி வாங்குபவனுக்கு அண்ணன் என்றா பெயர்? வட்டிக் கடைக்காரன்கூட அடகுப் பொருளை மீட்டுக்கொள்ளத் தவணை தருவான்!

மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பங்கிலிருந்து என் கைக்கு வந்தது வீட்டில் ஆறில் ஒன்று. அதைத் திரும்ப உன் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். “அன்றைக்கே நான் கேட்டிருந்தால், நீ இந்த வாசற்படி மிதித்திருப்பாயா?” என்றாள். பதில் இல்லை என்னிடம். சென்ற வாரம் எழுதிக் கொடுத்துப் பதிந்தாயிற்று. அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவார், பேச வைப்பேன்.

பெருமைக்காக இதை எழுதவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுத்தவனுக்குப் பெருமை ஏது? உன்னிடம் மூன்று கேட்கத்தான் எழுதினேன்.

ஒன்று: சாட்சிக் கையெழுத்து. கிளைச் செயலாளர் என்றும், ஊருக்குத் தெரிந்தவர் என்றும், பதிவு அலுவலகத்துக்கு உன்னைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அந்தப் பெண் பத்திரத்தைப் படித்தாளா, படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டப்பட்டதா, அவள் பங்கின் இன்றைய விலை அவளுக்குத் தெரியுமா என்று கேள். தெரியாதென்றால் பேனாவை மூடு.

இரண்டு: வாரிசுச் சான்றிதழ். மகள் மணமாகிப் போனாள் என்று அவள் பெயரை விட்டுவிட்டு மனு எழுதும் வேலை எங்கே நடந்தாலும் தடு. மணம் என்பது மரணமல்ல, பட்டியலிலிருந்து பெயர் அடிக்க!

மூன்று: உன் வீடு. உன் தங்கை, உன் அக்கா, உன் அத்தை. அவர்களில் எவரேனும் எழுதித் தந்த பத்திரம் உன் பெட்டியில் இருக்கிறதா? திறந்து பார். இருந்தால், மாநாட்டுக்கு வருமுன் அவள் வீட்டுக்குப் போய் வா.

காட்டுப்பள்ளி அம்மையார் அன்று பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை; பத்திரம் நம் வழக்கறிஞர் தோழரிடம் இருக்கிறது. அவருக்கு நான் தர வேண்டிய விடை மட்டும் இன்னும் பாக்கி. பங்கைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்தே தீரும் என்று ஒவ்வோர் ஊரிலும் அண்ணன்மார் எழுந்து நின்று சொல்ல வேண்டும். என் அக்காவிடம் அதை நான் சொல்லிவிட்டேன்.

தோழ! நீ எப்போது சொல்லப் போகிறாய்?